தேசியக் கொடியின் நிறங்களுக்குச் சட்டம் சொல்லும் பொருள் என்ன?

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் தங்கள் மகள், சுதந்திர தின விழாவில் பேசுவதற்காகத் தேசியக் கொடியைப் பற்றி ஓர் உரை எழுதியிருக்கிறாள். காவி தியாகத்தையும், வெண்மை அமைதியையும், பச்சை வளத்தையும் குறிக்கும் என்று பாடப்புத்தகத்தைப் பார்த்து அவள் எழுதியதை வீட்டுப் பெரியவர் ஒருவர் மறுத்து, ‘காவி இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்ற மதத்தாருக்கு, காந்தியே அப்படித்தான் சொன்னார்’ என்று திருத்தியிருக்கிறார். இரண்டில் எது சரி என்றும், சக்கரத்தின் 24 ஆரங்களுக்கு என்ன பொருள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு நாட்டின் கொடியில் உள்ள நிறத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு? கொடியை வரைந்தவருக்கா, அதை ஏற்றுக்கொண்ட அவைக்கா, பின்னால் வந்த பாடநூல்களுக்கா? அதற்கு விடை கிடைத்துவிட்டால், தங்கள் வீட்டில் எழுந்த வாதமும் தீர்ந்துவிடும்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் இந்திய வரலாறு கற்பித்தவன். அவற்றுள் பல ஆண்டுகள் கல்லூரியின் கொடியேற்று விழாப் பொறுப்பும் என்னிடம் இருந்ததால், கொடியைப் பற்றி ஏட்டில் உள்ளதைப் படித்ததோடு, கொடியைக் கையில் எடுத்து அளந்து பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது. சட்டம் என் துறை அன்று. ஆகவே எது குற்றம், எது குற்றமன்று என்பது போன்றவற்றுக்குள் நான் போகவில்லை. ஆவணங்களில் உள்ளதையும், ஆவணம் இல்லாமல் வழங்கிவருவதையும் பிரித்துக் காட்டுவதோடு நிற்கிறேன்.

ஐயத்துக்கு இடமில்லாததிலிருந்து தொடங்கலாம். இன்றைய தேசியக் கொடி 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஜவாஹர்லால் நேரு முன்மொழிந்த தீர்மானத்தால் ஏற்கப்பட்டது. ஆழ்ந்த காவி, வெள்ளை, கரும்பச்சை ஆகிய மூன்று நிறங்களும் சம அளவில் கிடைமட்டப் பட்டைகளாக அமைய வேண்டும். வெள்ளைப் பட்டையின் நடுவில் ராட்டையைக் குறிக்கும் வகையில் கருநீலச் சக்கரம் ஒன்று இருக்க வேண்டும். அதன் வடிவம் சாரநாத்தில் உள்ள அசோகரின் சிங்கத் தூணின் பீடத்தில் காணப்படும் சக்கரத்தின் வடிவமாக இருக்க வேண்டும். அதன் விட்டம் வெள்ளைப் பட்டையின் அகலத்தை ஒட்டியதாகவும், கொடியின் அகலமும் நீளமும் பொதுவாக இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்திலும் இருக்க வேண்டும். தீர்மானத்தில் உள்ளது இவ்வளவுதான். காவி எதைக் குறிக்கிறது, வெள்ளை எதைக் குறிக்கிறது, பச்சை எதைக் குறிக்கிறது என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. பொருள் சொல்லப்பட்ட ஒரே உறுப்பு சக்கரம்தான். அதற்கும் தீர்மானம் கூறும் பொருள், நம்மில் பெரும்பாலோர் பள்ளியில் படித்த ‘தர்மம்’ அன்று, ‘ராட்டை’. வகுப்பில் இந்த வரியை வாசித்துக் காட்டும்போதெல்லாம் மாணவர்கள் வியப்படைவதைப் பார்த்திருக்கிறேன். முதன்முதலில் படித்தபோது எனக்கும் அந்த வியப்பு ஏற்பட்டது.

ஆகவே, ‘நிறங்களின் அதிகாரப்பூர்வமான பொருள் எது’ என்று கேட்டால், கொடியை ஏற்படுத்திய தீர்மானத்தின் அளவில் அப்படி ஒன்று இல்லை என்பதே நேரான விடை. அதற்காக அந்த நிறங்கள் பொருளற்றவை என்று கொள்ளக் கூடாது. அவற்றுக்குப் பல பொருள்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் சொன்னவர் யார், சொன்ன ஆண்டு எது என்பது நமக்குத் தெரியும். அந்த ஆண்டை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துக்கொள்வதால்தான் தங்கள் வீட்டில் எழுந்தது போன்ற வாதம் எழுகிறது.

பெரியவர் சொன்னது ஆதாரமில்லாத பேச்சு அன்று. 1921 ஆம் ஆண்டு பெஜவாடாவில், அதாவது இன்றைய விஜயவாடாவில், அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கூடியபோது, மசூலிப்பட்டினம் பகுதியைச் சேர்ந்த பிங்கலி வெங்கையா காந்திக்கு ஒரு கொடியை வரைந்து கொடுத்தார். பல ஆண்டுகளாகக் கொடிகளை ஆராய்ந்து, பல மாதிரிகளை வரைந்து நூலாகவே வெளியிட்டிருந்தவர் அவர். ராட்டையைக் கொடியில் சேர்க்கலாம் என்ற யோசனை ஜலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜிடமிருந்து வந்தது. காந்தி கேட்டது, சிவப்பும் பச்சையுமான பின்னணியில் ராட்டை உள்ள கொடி. சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு. வெங்கையா மூன்று மணி நேரத்தில் வரைந்து கொடுத்தார். ஆயினும் கமிட்டியின் முன் வைப்பதற்குச் சற்றுத் தாமதமாகிவிட்டது. அந்தத் தாமதம் நல்லதாயிற்று என்று காந்தியே 1921 ஏப்ரல் 13 ஆம் நாள் ‘யங் இந்தியா’ இதழில் எழுதினார். அந்த இடைவெளியில் யோசித்துப் பார்த்தபோது, மற்ற மதத்தாருக்கும் கொடியில் இடம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வெள்ளை அப்படித்தான் வந்து சேர்ந்தது.

அந்த 1921 ஆம் ஆண்டுக் கொடியின் அடுக்கை மகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். மேலே வெள்ளை, நடுவில் பச்சை, கீழே சிவப்பு. எண்ணிக்கையில் சிறியவர்களுக்கு முதலிடம், அடுத்து முஸ்லிம்கள், எண்ணிக்கையில் பெரியவர்களான இந்துக்கள் கடைசியில். வலியவர் எளியவருக்கு அரணாக நிற்க வேண்டும் என்பது காந்தி தந்த விளக்கம். ஆகவே பெரியவர் சொன்ன பொருள், காந்தி சொன்னதுதான். ஆனால் அவர் அதைச் சொன்னது இந்தக் கொடியைப் பற்றி அன்று. அந்தக் கொடியில் காவிப் பட்டை இல்லை, சிவப்புதான் இருந்தது, அடுக்கும் வேறு, நடுவில் சக்கரத்துக்குப் பதிலாக ராட்டை.

அந்தப் பொருள் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளே நிலைத்தது. நிறத்துக்கு ஒரு சமூகம் என்று வைத்துவிட்டால், விடுபட்ட சமூகம் தன் நிறத்தைக் கேட்பது இயல்பு. சீக்கியர்கள் அவ்வாறு கேட்டார்கள். 1931 இல் கராச்சி காங்கிரசை ஒட்டி எழுவர் கொண்ட கொடிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. நேரு, படேல், ஆசாத், மாஸ்டர் தாரா சிங், காகா காலேல்கர், ஹர்டீகர், பட்டாபி சீதாராமையா ஆகியோர் அதன் உறுப்பினர்கள். மதச் சாயல் எதுவும் இருக்கக் கூடாது என்பதற்காக, கொடி முழுவதும் ஒரே கேசரி நிறமாக, அதாவது காவியாக இருக்கலாம், கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில் ராட்டை இருக்கலாம் என்று அக்குழு பரிந்துரைத்தது. ஆனால் ஆகஸ்ட் மாதம் பம்பாயில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி அதை ஏற்கவில்லை. பழைய மூவண்ணத்தையே வைத்துக்கொண்டு, சிவப்பைக் காவியாக்கி மேலே கொண்டுவந்து, காவி, வெள்ளை, பச்சை என்ற அடுக்கை நிலைப்படுத்தி, நடுவில் கருநீல ராட்டையை வைத்தது. அந்தத் தீர்மானம் நிறங்களின் பொருளையும் சேர்த்தே சொன்னது: நிறங்களுக்கு வகுப்பு சார்ந்த பொருள் எதுவும் இல்லை; காவி துணிவையும் தியாகத்தையும், வெள்ளை அமைதியையும் உண்மையையும், பச்சை பற்றுறுதியையும் வீரப் பண்பையும், ராட்டை பொதுமக்களின் நம்பிக்கையையும் குறிக்கும்.

தங்கள் மகளின் பாடப்புத்தகத்துக்கு மூலம் பெரும்பாலும் இந்த 1931 ஆம் ஆண்டுத் தீர்மானம்தான். ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். ‘தியாகம்’, ‘அமைதி’, ‘உண்மை’ ஆகியவை அந்தத் தீர்மானத்தில் இருக்கின்றன. பச்சைக்கு ‘வளம்’ என்பது இல்லை. அது பின்னால் வந்தது. அரசின் இணையப் பக்கங்களில் இன்று பச்சைக்குச் செழிப்பு, வளர்ச்சி, மங்கலம் என்று பொருள் கொடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

1947 இல் தீர்மானத்தை முன்மொழிந்து பேசிய நேரு, இந்தக் கொடியைச் சிலர் தவறாகப் புரிந்துகொண்டு, ஒரு பகுதி இந்தச் சமூகத்துக்கு, ஒரு பகுதி அந்தச் சமூகத்துக்கு என்று எண்ணுகிறார்கள் என்றும், கொடி உருவாக்கப்பட்டபோது அதற்கு வகுப்புச் சார்பான பொருள் இல்லை என்றும் கூறினார். காந்தியின் 1921 ஆம் ஆண்டுக் கட்டுரையை அருகில் வைத்துப் படிப்பவருக்கு இது முரண்பாடாகத் தோன்றும். காவி, வெள்ளை, பச்சை என்ற அடுக்கோடு 1931 இல் உருவான கொடியைப் பொறுத்தவரை நேருவின் கூற்று முழுக்கச் சரி. அதற்கு முந்தைய கொடியையும் சேர்த்துக்கொண்டால் அது சரியாகாது. அவர் எந்தக் கொடியை மனத்தில் வைத்துப் பேசினார் என்பதைப் பொறுத்தது இது. 1931 ஆம் ஆண்டுக் கொடியைத்தான் என்பது என் கருத்து. ஏனெனில் அந்தக் கொடிக் குழுவில் அவரே உறுப்பினராக இருந்தவர்.

அதே விவாதத்தில் பேசிய சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் வேறொரு பொருள் வரிசையைத் தந்தார். காவி பற்றின்மையைக் குறிக்கும், தலைவர்கள் பொருளாசை அற்றவர்களாய்ப் பணிக்குத் தம்மை ஒப்படைக்க வேண்டும் என்றார். வெள்ளையை ஒளி என்றும், நடத்தையை வழிநடத்தும் உண்மையின் பாதை என்றும் சொன்னார். பச்சைக்கு அவர் தந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது: மண்ணோடு நமக்குள்ள உறவு, மற்ற எல்லா உயிர்களும் சார்ந்து நிற்கும் பயிரோடும் செடியோடும் நமக்குள்ள உறவு. பச்சைக்கு வளம் என்ற பொருள் பரவியதற்கு இந்தப் பேச்சு ஒரு வேராக இருக்கலாம். சக்கரம் தர்மத்தின் சக்கரம் என்றும், அது இயக்கத்தைக் குறிக்கிறது, தேக்கத்தில் சாவும் இயக்கத்தில் வாழ்வும் இருக்கின்றன என்றும் அவர் கூறினார். பிற்காலத்தில் கொடியைப் பற்றி வெளிவந்த விளக்கங்கள் பலவற்றில் இந்த உரையே எடுத்தாளப்பட்டது. ஆயினும் அது ஓர் உறுப்பினரின் உரை. சபை வாக்களித்து ஏற்றது தீர்மானத்தை மட்டுமே.

சக்கரத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 1947 ஜூன் மாதம் ராஜேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த குழு, காங்கிரஸ் கட்சியின் கொடியையே சிறிய மாற்றங்களுடன் நாட்டின் கொடியாக ஏற்கலாம் என்ற முடிவுக்கு வந்தது. ராட்டை ஏன் சக்கரமாயிற்று என்பதற்கு நேரு சபையில் சொன்ன காரணம் நடைமுறை சார்ந்தது. பழைய கொடியில் ராட்டையின் சக்கரம் ஒரு பக்கமும் நூல் சுற்றும் கதிர் மறுபக்கமும் இருந்தன. துணியைத் திருப்பிப் பார்த்தால் இடம் மாறிவிடும். கம்பத்தை நோக்கி எது இருக்க வேண்டும் என்ற ஒழுங்கு ஒரு பக்கத்தில் சரியாகவும் மறுபக்கத்தில் தவறாகவும் அமையும். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுபோலத் தெரியும் வடிவம் வேண்டும். ராட்டையின் உயிர்ப்பகுதியான சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அது கிடைக்கும். அப்படியானால் எந்தச் சக்கரம் என்ற கேள்விக்கு, அசோகரின் சக்கரம் விடையாயிற்று. கொடியில் ராட்டை இராது என்பது காந்திக்கு முதலில் வருத்தமாகவே இருந்தது. அதை அவர் வெளிப்படையாகவும் சொன்னார். தீர்மானத்தில் ‘ராட்டையைக் குறிக்கும் சக்கரம்’ என்ற தொடர் இடம்பெற்றிருப்பதை இந்தப் பின்னணியில் படித்தால், அந்தச் சொற்களின் கனம் புரியும்.

அன்று நேரு சபையின் முன் இரண்டு கொடிகளை வைத்தார், ஒன்று கதர்ப்பட்டு, மற்றொன்று பருத்திக் கதர். சக்கரத்துக்குள் ஸ்வஸ்திகம் பொறிக்க வேண்டும் என்று திருத்தம் கொடுத்திருந்த எச். வி. காமத், கொடியை நேரில் பார்த்தபின் தம் திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். விவாதக் குறிப்புகளில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் பகுதிகளுள் இதுவும் ஒன்று.

இனி 24 ஆரங்கள். இங்கேதான் தாங்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 24 ஆரங்கள் 24 மணி நேரத்தைக் குறிக்கும் என்று ஒரு விளக்கம் உண்டு. அன்பு, துணிவு, பொறுமை என்று தொடங்கி 24 நற்குணங்களைப் பட்டியலிட்டு, ஆரத்துக்கு ஒன்றாகப் பங்கிட்டுத் தரும் விளக்கமும் உண்டு. ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் அது கைப்பேசிகளில் சுற்றி வருகிறது. பௌத்தத்தின் பன்னிரு நிதானங்களை, அதாவது துன்பம் தோன்றுவதற்கு ஒன்றையொன்று தொடரும் பன்னிரண்டு காரணங்களை, நேர் வரிசையிலும் எதிர் வரிசையிலும் எண்ணினால் 24 ஆகும் என்பது மூன்றாவது. மூன்றாவது விளக்கத்துக்குப் பௌத்த மரபோடு தொடர்பு இருப்பதால் அதற்கு மற்ற இரண்டைவிடச் சற்று மதிப்பு கொடுக்கலாம். ஆனால் 1947 ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் இவற்றில் எதுவும் இல்லை. 24 என்ற எண்ணே அதில் இல்லை. சாரநாத் பீடத்தில் சிங்கம், யானை, எருது, குதிரை ஆகியவற்றுக்கு இடையே செதுக்கப்பட்ட சக்கரங்களில் 24 ஆரங்கள் இருக்கின்றன. அந்த வடிவம் அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டதால் கொடியிலும் 24 வந்தது. 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள இந்தியக் கொடி விதித்தொகுப்பும், சம இடைவெளியில் 24 ஆரங்கள் இருக்க வேண்டும் என்று வடிவத்தை மட்டுமே சொல்கிறது. ஆகவே மகளின் உரையில் ஆரத்துக்கு ஒரு குணம் என்ற பட்டியல் இருந்தால், அதை எடுத்துவிடும்படி சொல்லுங்கள்.

இன்னொரு ஐயமும் வரக்கூடும். ‘தேசியக் கொடியை வடிவமைத்தவர் பிங்கலி வெங்கையா’ என்று ஒரு வரியில் எழுதும் வழக்கம் இருக்கிறது. 1921 ஆம் ஆண்டுக் கொடி அவர் வரைந்தது என்பது காந்தியின் எழுத்தாலேயே உறுதியாகிறது. சக்கரம் உள்ள இன்றைய வடிவத்தில் அன்றைய அரசு அதிகாரி பத்ருத்தீன் தியாப்ஜி, அவர் மனைவி சுரையா தியாப்ஜி ஆகியோரின் பங்கைச் சிலர் எடுத்துச் சொல்கிறார்கள். அந்த உரிமைக்கோரல் வெங்கையாவைப் பற்றிய ஆவணத்தைப் போல வலுவானது அன்று. ஆனால் 1921, 1931, 1947 என மூன்று கட்டங்களில், இரண்டு குழுக்களின் ஆலோசனையோடு உருவான கொடியை ஒருவர் கைவண்ணம் என்று சொல்வது எப்படிப் பார்த்தாலும் பொருந்தாது.

நம் ஊர்ப் பள்ளி விழாக்களில் இந்தக் கட்டங்கள் கலந்துவிடுவதை அடிக்கடி காண்கிறேன். பாரதியார் பாடிய தாயின் மணிக்கொடி இன்றைய மூவண்ணக் கொடி அன்று. இந்திரனின் வச்சிரத்தையும் இளம்பிறையையும் நடுவில் வந்தே மாதரத்தையும் அவர் அதில் வைத்துப் பாடியிருக்கிறார். காவி, வெள்ளை, பச்சை அடுக்கு உருவாவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1921 செப்டம்பரில், அவர் மறைந்துவிட்டார். 1932 ஜனவரியில் திருப்பூர் குமரன் அடிபட்டு விழுந்தபோதும் விடாமல் பிடித்திருந்தது ராட்டைக் கொடி. குமரனாக வேடமிடும் குழந்தையின் கையில் அசோகச் சக்கரக் கொடியைக் கொடுப்பது தவறான எண்ணத்தோடு செய்யப்படுவது அன்று. ஆனாலும் அந்த இளைஞர் எதைக் காத்தார் என்பதைச் சரியாகக் காட்டுவது அவருக்கு நாம் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

பொருளைப் பற்றி மௌனமாக இருக்கும் விதிகள், நிறத்தையும் அளவையும் பற்றி எவ்வளவு நுணுக்கமாக இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரநிலைகளில் முதல் எண் தேசியக் கொடிக்கு உரியது. 1951 இல் வெளியான அந்தத் தரநிலையின் தொடர்ச்சி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 6300 மில்லிமீட்டர் நீளமும் 4200 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட கொடியிலிருந்து, 150 மில்லிமீட்டர் நீளமும் 100 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட மேசைக் கொடி வரை ஒன்பது அளவுகள். எங்கள் கல்லூரிக்கு வாங்கிய கொடி 900 மில்லிமீட்டர் நீளம், 600 மில்லிமீட்டர் அகலம். விழாவுக்கு முந்தைய நாள் மாலை அதை மேசையில் விரித்து, மாணவர் இருவரை வைத்து அளப்பது என் வழக்கம். மூன்று பட்டைகளும் 200 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சக்கரத்தின் விட்டம் 185. ‘வெள்ளைப் பட்டையின் அகலத்தை ஒட்டி’ என்று தீர்மானம் சொன்னது எப்படி ஓர் எண்ணாக மாறியிருக்கிறது என்பதை மாணவர்கள் அப்போது கண்ணால் காண்பார்கள். பிறகு கொடியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்போம். இரண்டு பக்கச் சக்கரங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்த வேண்டும். ஓர் ஆண்டு தெருக்கடையில் வாங்கிய கொடியில் சக்கரம் நீள்வட்டமாக இருந்தது, ஆரங்களை எண்ணினால் 22. அதைத் தனியே வைத்துவிட்டு, வேறொரு கொடியைத்தான் ஏற்றினோம்.

காவியின் சாயலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தரநிலை அதை ‘கேசரி’ என்று பெயரிட்டு, ஒளியியல் அளவீட்டு எண்களால் வரையறுக்கிறது. இணையத்தில் கிடைக்கும் நிற எண்கள் திரைக்காக அவற்றை ஒட்டி எடுக்கப்பட்டவை. அதனால்தான் ஒரே கொடி ஒரு பக்கத்தில் ஆரஞ்சாகவும் இன்னொன்றில் செம்மஞ்சளாகவும் தெரிகிறது. வண்ணப்பெட்டியில் மகள் தேட வேண்டியது பளிச்சென்ற ஆரஞ்சும் கிளிப்பச்சையும் அல்ல. ஆழ்ந்த காவியும் கரும்பச்சையும். கொடியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு வரைவதானால், பார்ப்பவரின் இடப்பக்கத்தில் காவி வர வேண்டும்.

அவள் உரையில் எப்படிச் சொல்லலாம் என்றால், ‘1931 இல் காவி துணிவையும் தியாகத்தையும், வெள்ளை அமைதியையும் உண்மையையும் குறிக்கும் என்று தீர்மானித்தார்கள், பச்சை மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு என்று 1947 இல் ராதாகிருஷ்ணன் சொன்னார், நடுவில் உள்ள சக்கரம் ராட்டையைக் குறிக்கிறது, அதன் வடிவம் அசோகருடையது’ என்று சொல்லலாம். இதில் எந்தச் சொல்லுக்கும் ஆவணம் உண்டு. வீட்டுப் பெரியவரிடம், காந்தி 1921 இல் அப்படிச் சொன்னது உண்மைதான் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சென்னைக்கு வரும் வாய்ப்பு இருந்தால், புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு அவளை அழைத்துச் செல்லுங்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று அந்தக் கோட்டையில் ஏற்றப்பட்ட பட்டுக் கொடியை அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 12 அடி நீளம், 8 அடி அகலம். தீர்மானம் சொன்ன மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தை அவளே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.